ஒருமை

சுற்றறிக்கை வந்த அன்று நாகர்கோவிலில் நல்ல மழை.
'வாய்மொழிபெயர்ப்புத் தாளின் ஒவ்வொரு அலகிலும்
தேசிய ஒருமைப்பாட்டு உணர்வு
இயல்பாகக் கலந்திருக்க வேண்டும்.'
இயல்பாக என்ற சொல்லின் கீழ்
யாரோ இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

குழம்பில் உப்பு கலப்பது போலவா,
அரிசி வேண்டுமானால் சோப்பும் வாங்கணும் என்று
ரேஷன் கடையில் சொல்வார்களே, அது போலவா,
தெரியவில்லை.
படிவத்தில் மட்டும் ஒரு புதுக் கட்டம்:
எய்திய விழுமியம். ஐந்து மதிப்பெண்.

மூன்றாம் மாடி ஆய்வகம்.
எட்டு ஹெட்போனில் ஐந்து கேட்கும்.
ஒலிப்பதிவில் துறைமுகத்துக்கான கருத்துக்கேட்பு.
பந்தல். கடற்காற்று மைக்கைப் போட்டு அறைகிறது.
மீன் விற்கிறவள் ஒருத்தி எழுந்து சொல்கிறாள்:
'மக்களே, நீ அங்கன இரி.
எங்க பாட்ட நான் சொல்லுதேன்.'

கூண்டுக்குள் ஓசூர்ப் பையன் யஷ்வந்த்.
நல்ல வேகம், சுத்தமான ஆங்கிலம்.
அவன் வாயில் அவள்
பெருந்திரளான பொதுமக்களை நோக்கி
அமருமாறு வேண்டிக்கொண்டாள்.
இல்லாத கூட்டம் ஒன்று
கொடியோடு வந்து உட்கார்ந்தது.

குறும்பனை ஆன்சி பெனிலா ஹெட்போனைக் கழற்றினாள்.
'கூட்டத்த இல்ல டீச்சர்.
அந்த ஆபீசரத்தான்.
எங்க அம்மை என்னையும் அப்பிடித்தான் விளிக்கும்.
மக்களேன்னா ஒத்த ஆளு.'

யஷ்வந்த் பின்னால் ஓட்டிக் கேட்டான்.
நீ.
ஆமாம், ஒருவர்தான்.

பிறகு நாற்பது நிமிடம் அதிலேயே போனது.
கரையை அளக்க வந்தவனைப்
பிள்ளையே என்று கூப்பிடுகிறவள்
எந்த ஆங்கிலத்தில் அவனை உட்கார வைப்பாள்?
கனிவு என்றான் ஒருவன். கிண்டல் என்றாள் ஒருத்தி.
மரியாதைக்குறைவு, 'ஐயா' என்று மாற்றிவிடலாம்
என்றது முன்வரிசை.
'அப்பம் நாம யாருக்க ஆளு?' என்றாள் ஆன்சி.

அதற்கு என்னிடம் சொற்பட்டியல் இல்லை.
பிறருடைய 'நான்' எல்லாவற்றையும்
என் வாயால் சொல்லிச் சொல்லியே
பதினோரு வருடம் சம்பளம் வாங்கியவள் நான்.

மணி அடித்தது.
'பாட்டு'க்கு நாங்கள் போகவே இல்லை.
படுகிற பாடா, வலையில் படுகிற மீனா,
நாளைக்கு என்று வைத்தோம்.

மாலையில் படிவம்.
எய்திய விழுமியம்:
மக்களே – ஒருமை.
கட்டத்தில் இன்னும் மூன்றெழுத்துக்கு
இடம் இருந்தது.
விட்டுவிட்டேன்.