மூங்கிலுக்குப் போ

பத்தூமி தாவரத் தோட்டத்தில்
மின்வண்டி ஓட்டுகிறவன் நான்.
கீழ்வாசலில் ஏறினாள். குடையில்லை.
கருங்கடல் மழை
குடைக்கு அடங்காது என்று தெரிந்தவள்.

காமெலியா பூத்திருக்கிறது, நிறுத்தவா?
வேண்டாம்.
மேலே யூகலிப்டஸ், பட்டை உரிந்து
துண்டு நழுவியவன்போல் நிற்கும்,
எல்லோரும் படமெடுப்பார்கள்.
வேண்டாம். மூங்கிலுக்குப் போ.

மூங்கிலுக்குள் மழை தாமதமாகத்தான் வரும்;
வெளியே விட்ட பிறகும் உள்ளே பெய்யும்.
தண்டு தண்டாகத் தடவிப் போனாள்.
எங்கும் பெயர்கள், ஆணியால், சாவியால்.
ஒரு இதயம் பாதியில் நின்றிருந்தது,
காவலாளி வந்திருப்பான்.

கைப்பையிலிருந்து கத்தியை எடுத்தாள்.
பயந்துவிட்டேன்.
"லமாரா, ஸவுர். எண்பத்தேழு ஆகஸ்ட்.
அவன் பெயரை மட்டும் சுரண்ட வேண்டும்.
என்னுடையது இருக்கட்டும்."

சொல்லத்தான் வேண்டியிருந்தது.
அம்மா, மூங்கில் அத்தனை காலம் நிற்காது.
பத்துப் பன்னிரண்டு வருஷம்,
காய்ந்ததும் வெட்டிவிடுவோம்.
உங்கள் தண்டு யார் தோட்டத்திலோ
தக்காளிக்கு முட்டுக் கொடுத்து
பிறகு அடுப்புக்குப் போயிருக்கும்.

"நானுமா?"
நீங்களுந்தான்.

கொஞ்ச நேரம் கடல் மட்டும் கேட்டது.
அப்புறம் சிரித்தாள், தோள் குலுங்க,
ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டு;
அது ஆடி
எங்கள் இருவர் தலையிலும் கொட்டியது.
"குத்தாயிசியிலிருந்து இரண்டு வேன் மாறி வந்தேன்.
நேற்றே சாணை பிடித்தேன் இதை."

வீணாக்கவில்லை. பேரிக்காய் ஒன்றைப் பிளந்து
பெரிய பாதியை எனக்கு நீட்டினாள்.
கீழே கரையோரத் தண்டவாளத்தில்
திபிலீசி ரயில், ஜன்னலெல்லாம் விளக்கோடு.

வண்டியில் சார்ஜ் இரண்டு கோடுதான்.
இறங்கிவிடலாம் என்றேன்.
"அந்தத் துண்டு நழுவியவன்
எங்கே நிற்கிறான்?" என்றாள்.