வலது கையைப் பாருங்க

சின்னப்பாலத்தில் அன்றைக்குக் காற்று
என் வாயில் வந்ததையெல்லாம் வாங்கி
ரயில் பாலத்துப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டியது.
"அன்பான பெரியோர்களே" என்றேன்.
முன்வரிசைக்கே "ன்பா" மட்டும்தான் கிடைத்திருக்கும்.

ரீகன் மைக்கைத் தட்டினான். இரைந்தது, விக்கியது, செத்தது.
பென்டிரைவில் இருந்த இசையும் அதோடு போயிற்று.
நாதஸ்வரமும் டிரம்ஸும் கலந்த நாலு நிமிஷம் அது.
எந்த அடிக்குப் புறா, எந்த அடிக்குக் கைக்குட்டை,
என் தோளுக்கே மனப்பாடம்.

வெளியே சொல்லக் கூடாது, சொல்கிறேன்:
இந்தத் தொழிலில் கைக்குக் கால்வாசி வேலை.
மிச்சத்தை வாய் பார்த்துக்கொள்ளும்.
"வலது கையைப் பாருங்க" என்றால்
ஊரே வலது கையைப் பார்க்கும்.
மாமியார் வைத்த மீன்குழம்பு என்று
ஒரு பழைய ஜோக் இருக்கிறது என்னிடம்.
சிரிக்கிறவன் கண்ணை மூடித்தான் சிரிப்பான்,
அந்த இமைக்குள் ஒரு காசு வீடு மாறும்.

பாட்டு அப்படி இல்லை. கண்ணை மூடச் சொல்லாது.
எல்லாரையும் ஒரே படகில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும்,
கரையில் நான் என்ன செய்தேன் என்று
திரும்பிப் பார்க்க விடாது.

சும்மா இருப்பதுதான் பயம்.
கேட்க ஒன்றும் இல்லாத கண்
நேரே விரலுக்கு இறங்கிவிடும்.

இறங்கின. இருநூறு ஜோடி.
கோயில் டியூப்லைட் வெளிச்சத்தில்
பழைய ஒரு ரூபாயை எடுத்தேன்,
அந்தப் பெரிய சைஸ், இப்போது புழக்கத்தில் இல்லாதது.
யாராவது வாங்க என்று கையால் கூப்பிட்டேன்.

வந்தவள் பெயர் ராக்கு என்று
பிள்ளைகள் கத்தியதில் தெரிந்தது.
காலையில் குருசடைப் பக்கம் பாசிக்கு முங்கிவிட்டு வந்திருக்கிறாள்:
விரல்களில் துணி சுற்றிய வரி,
கண்ணைச் சுற்றி முக்குக் கண்ணாடி கடித்த தடம்.

காசைக் காட்டினேன். மூடினேன். ஊதினேன்.
அவள் ஊதலைப் பார்க்கவில்லை.
மூச்சைக் கட்டிக்கொண்டு நின்றாள், தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி.
அடியில் எது மரிக்கொழுந்து, எது முள், எது சொறி
என்று அங்கே யார் அவளுக்குக் கத்திச் சொன்னார்கள்?
காது அடைத்துப்போன இடத்தில்
கண்ணாலேயே பிழைத்தவள்.

காசு இடது கைக்குப் போனது.
அவள் கண்ணும் இடது கைக்குப் போனது.
போய், அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

இருபத்தாறு வருஷம்.
பிடிபட்டால் சமாளிக்க எட்டு வாக்கியம் வைத்திருக்கிறேன்.
எட்டையும் காற்று தின்றுவிடும்.
வேர்வை மட்டும் சத்தமில்லாமல் வந்தது.

ராக்கு என் வலது மணிக்கட்டைப் பிடித்தாள்,
வாளைமீனைக் கழுத்தில் பிடிக்கிற பிடி.
மூடிய கையை ஊருக்கு நேராகத் தூக்கினாள்.
ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள், அவசரமே இல்லாமல்,
சுண்டுவிரலில் தொடங்கி.
பெண்கள் பக்கம் ஒருதரம் காட்டினாள்,
வலை மேட்டில் நின்ற ஆட்கள் பக்கம் ஒருதரம்.
ஒன்றுமில்லை.
இருநூறு ஜோடிக் கண்ணும் அவள் விரலுக்குப் பின்னாலேயே போயின.
என் இடது கைக்குப் பைக்குள் போய்வர
அத்தனை நேரம் நான் யாருக்கும் தந்ததில்லை.

எழுந்த சத்தத்தைக் காற்றாலும் தூக்க முடியவில்லை.

பெட்டி கட்டும்போது வந்து நின்றாள்.
நன்றி சொல்ல வாயெடுத்தேன்.
அவள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள், அவ்வளவுதான்.
வைத்தேன்.
முந்தானையில் முடிந்துகொண்டு
படகுகள் இருந்த பக்கமாக நடந்துவிட்டாள்.

மண்டபம் தாண்டியதும் ரீகன் சாமான் எண்ணினான்.
கைக்குட்டை பன்னிரண்டு. புறா இரண்டு.
"அண்ணே, அந்தப் பெரிய காசு எங்கே?"

ஜன்னலை ஏற்றிவிட்டோம், காற்றுகூட இல்லை.
அவன் இரண்டாம் தடவை எண்ணி முடிக்கும்வரை
எனக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை.