மேலே பார்த்தால் ஆமாம்

மனாமா. ஐந்தாம் மாடி, பன்னிரண்டாம் படுக்கை.
பாஸ்போர்ட்டில் இருளப்பன் வெள்ளைச்சாமி.
ட்ரெய்லர் டிரைவர். கோபாரில் சரக்கேற்றிக்
கடல்மேல் இருபத்தைந்து கிலோமீட்டர் பாலம் தாண்டி
வாரத்துக்கு மூன்று நடை வந்துபோனவர்.
ஸ்டீரிங்மேல் சாய்ந்தது கஸ்டம்ஸ் வரிசையில்,
பாலத்தின் நடுத்தீவில்,
முத்திரைக்குக் காகிதம் நீட்டிய கையோடு.

டாக்டர் ஹிஷாம் ஸ்கேனைக் காட்டினார்.
என் நடுவிரல் நீளம்தான் அந்தத் தண்டு.
மேலே நடுமூளை, கீழே முகுளம்,
இடையில் புடைத்திருப்பதற்குப் பேரே பாலம்.
அதன் முன்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு,
மொச்சைக்கொட்டை அளவு.
இறங்கிப் போகிற வண்டியெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது.
கைக்கு, காலுக்கு, நாக்குக்கு, உதட்டுக்கு
உத்தரவு போகவில்லை.
ஏறி வருகிற தடம் மட்டும் பின்பக்கம் திறந்திருந்தது:
குளிர் வந்தது, ஊசி வந்தது, எங்கள் பேச்சு வந்தது.

முகுளம் யாரையும் கேட்கவில்லை.
மூச்சை இழுத்தது, விட்டது, நெஞ்சைத் தட்டியது.
ஒரு வெள்ளிக்கிழமை பகல் முழுக்க விக்கல் எடுக்கவைத்தது.
முதலாளி யாரென்று தெரியாமலே
விடிய விடிய விசிலடிக்கும் வாட்ச்மேன் அது.

பத்தொன்பது நாள் அவருக்குப் பேர், பன்னிரண்டு.
தலைக்கு மேலேயே பேசினோம்:
ஸ்ட்ரெச்சருக்கு விமானத்தில் எத்தனை சீட்,
யார் பணம் கட்டுவது,
இது தேறாது என்று மலையாளத்தில், தகலோகில், தமிழில்.
தமிழில் சொன்னது நான்தான்.

இருபதாம் நாள் இரவு
கண்ணுக்கு மருந்து விடும்போது
"மேல பாருங்கண்ணே" என்றேன், வாய்ப் பழக்கத்தில்.
பார்த்தார்.

கீழே? பார்த்தார்.
இடமும் வலமும் இல்லை; அது பாலத்தோடு போயிற்று.
மேலும் கீழும் நடுமூளையின் கணக்கு.
விழிப்பும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது,
நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு.

வார்டில் எழுத்துப்பலகை உண்டு,
ஆங்கிலத்தில் ஒன்று, அரபியில் ஒன்று.
இவர் ஏழாவதோடு நின்றவர்.
கையுறைப் பெட்டியைக் கிழித்து மார்க்கரில் எழுதினேன்:
ஒரு பக்கம் மெய் பதினெட்டு,
மறுபக்கம் உயிர் பன்னிரண்டு.
மெய்யை முதலில் கேட்பது, உயிரைப் பிறகு.
சேர்ப்பது என் வேலை.

க்? ங்? ச்? ஞ்? ட்?
ம் வந்ததும் மேலே.
அ? ஆ? இ? ஈ? உ? ஊ?
மேலே.
மூ.
நான் முந்திரிக்கொட்டை: மூச்சா? மூச்சு முட்டுதா?
கீழே.
க். வெறும் க்.
மறுபடி க். உ.
மூக்கு... அரிக்குதா?
மேலே. இறங்காமல் மேலே.

சொறிந்துவிட்டேன். இடது ஓரம், இன்னும் கொஞ்சம் உள்ளே.
எத்தனை நாளாக என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மறுவாரம் கம்பெனி ஆள் வந்தார், பாலக்காட்டுக்காரர்.
கணக்கு முடிக்கும் தாள். மைப்பெட்டி.
பெருவிரலைப் பிடித்தார்,
இழுத்துக்கொள்ள முடியாத விரலை.
"அவரைக் கேளுங்க" என்றேன்.
"எதைக் கேட்கிறது?" சிரித்தார்.
அட்டையை எடுத்தேன்.

இருபத்தேழு நிமிடம்.
மைப்பெட்டி திறந்தபடி ஏசியில் காய்ந்தது.
ந், ஆ. ல், உ.
"நாலு மாசம்" என்று வந்ததும் அவர் உட்கார்ந்தார்.
"சம்பளம்" வந்தபோது தாளை மடித்தார்.
போதும் என்று நான் அட்டையை இறக்கினேன்.

கீழே பார்த்தார் இருளப்பன்.
கீழே. கீழே.
இன்னும் இருக்கிறது.

பதினெட்டு மெய்க்கும் கீழே.
உயிர் மட்டும்: ஓ.
வ், அ. ர்.
ட் என்றேன். மேலே.
அ, ஆ என்று தொடங்கி ஐக்குப் போவதற்குள்
கம்பெனி ஆளே சொல்லிவிட்டார்,
தரையைப் பார்த்தபடி:
ஓவர்டைம்.