தண்ணீர்விட்டான்

இரவு ட்யூட்டி முடிந்து
வெள்ளிக்கிழமை விடிகாலை
ஃபர்வானியா வீட்டுக் கதவைத் திறந்தேன்.
சாப்பாட்டு மேசையில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.
அதில் இரண்டு விரற்கடை தண்ணீர்.
தண்ணீருக்குள் பச்சையாக
ஏதோ ஒரு கட்டு நிமிர்ந்து நின்றது.

பூ என்றுதான் நினைத்தேன்.
பதினோரு வருடத்தில்
ஒரு முழம்கூட வாங்கித் தராத ஆள்
முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு
சோபாவில் குறட்டை.
கிட்டப் போய்ப் பார்த்தால் மொட்டு இருக்கிறது, இதழ் இல்லை.
ரப்பர் வளையத்தில் ஒட்டிய தாளில்
பெரு என்று நாட்டின் பெயர்,
அதன்மேல் சிவப்பில் பாதி விலை:
நானூற்று இருபது ஃபில்ஸ்.

ஷுவைக் குளிர்கிடங்கில்
எட்டு வருடமாக இதை இறக்குகிறார் இன்னாசி.
பெட்டியின் எடை தெரியும்.
எத்தனை டிகிரியில் வைக்கவேண்டும் என்று தெரியும்.
படுக்கப்போட்டால் நுனி வளைந்துவிடும்,
நிற்கவைத்தால் வாடாது, அதுவும் தெரியும்.
"ருசி மட்டும்தான் தெரியாது.
ஒரு நாளாவது தின்னு பாக்கணும்லா" என்றார்
கண்ணைத் திறக்காமலே.

அஸ்பாரகஸ்.
போனில் தேடினேன்.
நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்குப் பங்காளியாம்.
"தண்ணியே வேண்டாம்னு விட்டவனா?
சரியான ஊருக்குத்தான் வந்திருக்கான்" என்றார்
கடலைக் காய்ச்சிக் குடிக்கிற ஊரில்
பல் துலக்கிக்கொண்டே.

வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடிப்போம்,
கடைக்காரர் முறைப்பார்.
இதை அடியில் ஒடிக்கவேண்டும்.
இரண்டு கையாலும் மெல்ல வளைத்தால்
ஓர் இடத்தில் டக்.
எந்த இடம் என்பதை நான் முடிவு செய்வதில்லை.
ஒன்று பாதியில், ஒன்று முக்காலில்,
ஒன்று நுனிக்குச் சற்றே கீழே,
அது மிகவும் முற்றல், பாவம்.

பாதிக் கட்டை நான் எடுத்தேன்.
கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்து
பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டு
தண்ணீர் தெளித்து மூடினேன்.
வழக்கம்போல ஏழு நிமிடம்.
திறந்தால் பச்சை போய்
ஆஸ்பத்திரித் திரைச்சீலையின் நிறம்.
தேங்காய்ப்பூவைத் தூவி மறைத்தேன்.
மறையவில்லை.

மீதியை அவர் எடுத்தார்.
தோசைக்கல்லை வைத்தார், புகையும் வரை.
ஒரு கரண்டி நல்லெண்ணெய்.
முழுசு முழுசாக அடுக்கினார்,
பெட்டியில் அடுக்குவதுபோல, எல்லாத் தலையும் ஒரே பக்கம்.
சடசடவென்று பேசத் தொடங்கியது கல்.
உருட்டிவிட்டார். உப்பு. மிளகை நசுக்கி ஒரு சிட்டிகை.
"போதும், எடு!" என்று கத்தினார் தனக்குத்தானே.

தட்டு எடுக்க யாருக்கும் பொறுமையில்லை.
அடுப்படியிலேயே நின்றுகொண்டு
விரல் சுட, ஊதி ஊதி.
வெளியே தோல் கருகிய ருசி,
உள்ளே பச்சைப் பட்டாணியின் ஈரம்,
பல்லில் ஒரு நறுக்.
நுனி மட்டும் எண்ணெய் குடித்து
முறுகல் வடையின் ஓரம்போல.
கடைசி ஒன்றை எனக்குத் தள்ளினார்.
நான் அவருக்குத் தள்ளினேன்.
அது கல்லிலேயே கருகிப்போயிற்று.

ஒடித்த அடிக்கட்டைகளைச் சாம்பாரில் போட்டேன்.
முருங்கைக்காய்போல மென்று
சக்கையைத் துப்பினோம்.
என் பொரியலை
யாரும் குறிப்பிடவில்லை.

மதியம் அவர் ஷிப்டுக்குப் போனார்.
நான் குளியலறைக்குப் போனேன்.
ஒரு விநோத வாடை.
ஒன்பது வருடம் லேபில்
ஊரார் சிறுநீரைப் பரிசோதித்த மூக்கு இது,
எனக்கே ஒரு கணம் நெஞ்சு பதறியது.
பிறகு புரிந்து தனியாகச் சிரித்தேன்.

நாலரைக்குப் போன் வந்தது,
கிடங்கின் மூலையிலிருந்து, ரகசியக் குரலில்:
"ஏய், ஒண்ணு கேக்கட்டுமா...
சிரிக்கக்கூடாது...
உனக்கும் ஒரு மாதிரி..."

"எனக்கும்தான்" என்றேன்.
"வியாதியெல்லாம் இல்லை. அந்தத் தண்டு செய்கிற வேலை."
அந்தப் பக்கம் நிம்மதியாக ஒரு மூச்சு.
பின்னால் ஃபோர்க்லிஃப்டின் பீப் பீப்.

"அடுத்த வெள்ளியும் வாங்கவா?"
எனக்கு அன்று பகல் ட்யூட்டி என்றேன்.
"பரவால்ல,
டம்ளர்ல நாலு நாள் நிக்கும்."