சிறுபோகம்

அக்கராயன் குளத்து வலதுகரைத் துருசுக்கு
நான்தான் திறப்பு.
செவ்வாயும் வெள்ளியும் தண்ணி,
மற்ற நாளெல்லாம் ஏச்சு.

பன்னிரண்டு வயதில்
கிளினிக் கொப்பியில் எழுதினார்கள்: சலரோகம்.
குளத்து வேலைக்கென்றே பிறந்தவள் போல.

யாரும் படம் கீறி விளக்கவில்லை.
வேலைக்குச் சேர்ந்த முதல் சிறுபோகத்தில்
நானாகத்தான் விளங்கிக்கொண்டேன்.
வாய்க்காலில் விளிம்பு முட்டத் தண்ணி,
பக்கத்து வயல் பாளம் பாளமாய் வெடிக்கிறது.
நடுவில் ஒரு பலகை. அவ்வளவுதான்.
இரத்தம் நிறையச் சீனி,
தசைநாரெல்லாம் பட்டினி.
திறக்க ஆளில்லை.
கணையத்தில் இருந்த ஆட்களை
என் உடம்பே கொன்றுபோட்டது, எதிரி என்று நினைத்து.
அதைப்பற்றி வன்னியில் நான்
அதிகம் சொல்லத் தேவையில்லை.

திறக்காத வயல் தன் வரம்பையே தின்னும்.
கொழுப்பு எரிந்து மூச்சில் பழவாசம் ஏறும்.
பங்கர் காலத்தில் ஒருமுறை ஏறியது,
ஈரமணல் சட்டியில் புதைத்த போத்தல்
முடிந்து இரண்டாம் நாள்.
ஆரோ பழம் ஒளித்து வைத்திருப்பதாக
பக்கத்துக் கூடாரத்தார் தேடித் திரிந்தார்கள்.

இப்போது காலையும் மாலையும்
பால்நிறப் போத்தலை உள்ளங்கையில் உருட்டி
(குலுக்கக் கூடாது)
பதினெட்டு அலகு.
தோலுக்குக் கீழே ஆள் அனுப்புகிறேன்.
அவன் வெளியில் நின்று தட்ட
உள்ளே கிடந்த மதகுகள் எழும்பி
விளிம்புக்கு வருகின்றன.
ஈரலுக்கும் சேதி போகிறது:
சேமிப்பை அவிழ்க்காதே.

மூளை மட்டும் பலகையில்லாத வயல்.
வாய்க்காலில் இருந்தால் தானே குடிக்கும்.
கணக்குப் பிழைத்து
மற்றதெல்லாவற்றையும் திறந்துவிட்டால்
முதலில் காய்வதும் அதுதான்.

போன வெள்ளி
ஊசி போட்டேன், சாப்பிட மறந்தேன்.
கடைசி வயல் குலநாயகம் சண்டைக்கு வந்து நின்றார்.
"என்ர பக்கம் ஒரு சொட்டும் வரேல்லை பிள்ளை,
ஆருக்குத் திறந்து விட்டனீ?"
சில்லைப் பிடித்த கை நடுங்கியது.
சட்டை முழுக்க வேர்வை.
அவர் முகம் இரண்டாய்ப் பிரிந்து
இரண்டும் கத்தின.
எந்த முகத்துக்குப் பதில் சொல்வது?
"சீனி" என்றேன்.

சைக்கிள் கூடையில்
மகளுக்கு வாங்கின தோடம்பழச் சோடா.
மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து நீட்டினார்.
அணைக்கட்டில் இருவரும்
கால்மணி நேரம் பேசாமல் இருந்தோம்.
ஒரு கொக்கு வந்து, ஒன்றும் அகப்படாமல் போனது.

"இப்ப தெளிஞ்சுதோ?"
"ஓம்."
"அப்ப சொல்லு,
என்ர தண்ணி எங்கை?"