எண்பத்தைந்து

காசிமேட்டில் ஏலம் முடியுமுன் வாங்கிய சங்கரா.
"ஆராய்ச்சிக்குன்னா கொறைக்க மாட்டேன்,
கவருமெண்டு காசுதான?" என்றாள் பிலவேந்திரம்மா.
மாதவரத்து ஆய்வகத்தில்
அரைபட்டு, கரைந்து, வடிந்து
மதியத்துக்குள் அது அரைக் குப்பிப் புரதம்.

நொதிக்குத் தையல் வேலை.
ஒரு குளூட்டமினைப் பிடித்து
ஒரு லைசினோடு மூட்டும்.
மூட்டும் தையலுக்கொன்றாய்
ஒரு மூச்சு அமோனியா விடும்.
அரைத்த மீன் ரப்பராய் இறுகுவது இப்படித்தான்.

என் கேள்வி சின்னது.
இந்தத் துணியில் குளூட்டமின்கள் நாற்பத்தொன்று,
ஊசி இறங்குவது எதில்?

லைசினுக்குப் பதிலாள் கடாவரின்.
அழுகும் மீனில் ஊறுவது,
பிணத்தின் பேரைப் பேராகக் கொண்டது.
குப்பியைத் திறந்ததும் ஜெயசுதன் மூக்கைப் பொத்தினான்:
"உங்க ஏரியா வாசனை, மேடம்."
சிரித்தேன்.
மூடியை மெதுவாகத்தான் மூடினேன்.

பிறகு டிரிப்சின் வெட்டியது.
துண்டுகள் மின்னேறி, ஊசிமுனையில் தெறித்து
வெற்றிடத்துக்குள் பறந்தன.
பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடிக்கும்வரை
பம்பு இருமியதை என் நெஞ்சில் கேட்டேன்.

ஒரு துண்டுக்கு மட்டும் எடை கூடியிருந்தது.
வரவு நூற்றிரண்டு, செலவு பதினேழு,
போன அமோனியாவைக் கழித்தால்
மிச்சம் எண்பத்தைந்து.
ஏலக்காரன் கணக்குபோல நேராயிருந்தது.

அதையே மறுபடி உடைத்தேன்.
படிக்குப் படி உயரம் அளந்து ஏறினேன்:
ஐம்பத்தேழு, கிளைசின்.
எழுபத்தொன்று, அலனின்.
தொண்ணூற்றொன்பது, வாலின்.
அடுத்த படி நூற்றிருபத்தெட்டு இருக்கவேண்டும்,
கால் வைத்தால்
இருநூற்றுப் பதின்மூன்று.

இங்கேதான்.

இதற்கு வீரம் ஒன்றுமில்லை.
மற்ற நாற்பதும் சுருளுக்குள் இறுகிக் கிடக்க
சங்கிலி இந்த இடத்தில் கொஞ்சம் தொய்ந்திருந்தது,
அவ்வளவுதான்.
கதவைச் சாத்த மறந்த வீடு.

அப்படி எழுதிவிட்டு நிமிர்ந்தால்
திரையின் ஓரத்தில் இன்னொரு கோடு,
குட்டையாக, சத்தத்தோடு சத்தமாக.
அதிலும் எண்பத்தைந்து மாதிரி.
மாதிரிதான்.

இரண்டரைக்குக் குரல்செய்தி.
பின்னால் படகு இயந்திரம், பனிக்கட்டி உடைக்கும் ஓசை.
"தூங்கலியா நீ? அந்த மீன்ல இன்னாதான் கண்ட?"

ஒரு எடம் தொறந்து இருந்துச்சு
என்று தட்டினேன். அழித்தேன்.
நாளைக்கு இன்னொரு சங்கரா வேணும்கா,
அதே போட்டுல வந்ததா இருக்கட்டும்.