இருபத்திரண்டாம் நாள்

காசிமேட்டு மீன்பெட்டி, தெர்மாகோல்.
எத்தனை கழுவியும் போகாத வஞ்சிரக் கவிச்சி.
உள்ளே நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு,
கொட்டாங்குச்சியில் தண்ணீர்,
ஏழு முட்டை.

தாய்க்கோழி எண்ணூர் நெடுஞ்சாலையில்
டிரெய்லரின் ஏதோ ஒரு சக்கரத்தில் போய்ச் சேர்ந்தது,
அடைக்கு உட்கார்ந்த பன்னிரண்டாம் நாள்.
மீதி ஒன்பது நாளை நான் ஏற்றுக்கொண்டேன்.
பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம்,
வேலைக்குப் போகுமுன் பெருக்கல், வந்ததும் வட்டம்.
கன்டெய்னர் யார்டில் பகலெல்லாம் இரும்பு ஒட்டுகிற கை
முட்டை புரட்டும்போது மட்டும் நடுங்கியது.

ஐந்து வந்துவிட்டன, யாரையும் கேட்காமல்.
ஆறாவது கூழ்முட்டை என்று தள்ளி வைத்தேன்.
ஏழாவது
நேற்றுப் பகல் இரண்டு மணிக்கு மிளகளவு ஒரு பொத்தல் போட்டது.
கூர்முனைப் பக்கம். போடக் கூடாத பக்கம்.
அப்புறம் ஒன்றுமில்லை.
காதில் வைத்தால்
யாரோ இருட்டில் நகம் கடிக்கிற சத்தம்.

"தொடாத நைனா" என்றார் கறிக்கடை ஜைனுலாப்தீன்.
"ரத்தத்த இன்னும் உள்ள இழுத்துக்கினு இருக்கும்.
அவசரப்பட்டு உரிச்சா நீயே அறுத்த மாதிரி."
நாளொன்றுக்கு நாற்பது அறுப்பவர் சொன்னால்
அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

மேல்வீட்டு நாகஜோதி படியிலேயே நின்று கத்தினாள்:
"இன்னா மன்சன்யா நீ?
உள்ள ஒரு உசுரு மூச்சு முட்டிக்கினு கீது,
நீ டீ குடிச்சிக்கினு கீற!"
டம்ளரைக் கீழே வைத்தேன்.
பிறகு எடுத்துக் குடித்தேன்.

என் இடது நெற்றிப்பொட்டில் ஒரு பள்ளம்,
கட்டைவிரல் சரியாக உட்காரும்.
ராயபுரம் ஆஸ்பத்திரியில் ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை நான்.
யாரோ ஒரு டூட்டி டாக்டர் அன்றைக்கு
பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லவில்லை.
பக்கத்துக் கட்டிலில் சொன்னார்களாம்.
அந்தப் பிள்ளையும் நன்றாகத்தான் இருக்கிறான்,
கொருக்குப்பேட்டையில் செல்போன் கடை.

விடிகாலை மூன்று பத்துக்குக் கரண்ட் போனது.
ஹவுசிங் போர்டு மொத்தமும் ஒரு முட்டைக்குள் போனமாதிரி.
ஐந்து குஞ்சுகள் மேல் கம்பளியைப் போட்டேன்.
ஏழாவதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன்.
நகம் கடிப்பது நின்றிருந்தது.

சத்தம் இருந்தவரை சும்மா இருக்க முடிந்தது.

செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஓரம் துடைத்து
ஓட்டில் ஒரு சில்லு எடுத்தேன்.
இன்னொரு சில்லு.
உள்தோல் காய்ந்த வெங்காயச் சருகாய் ஒட்டியிருந்தது.
நகத்தால் தூக்கினேன்.
முடியளவு சிவப்பு.
முடியளவுதான், ஆனாலும் நீண்டது.
விரலை அதன்மேல் வைத்து அழுத்தாமல் அழுத்தி
அப்படியே உட்கார்ந்தேன்.
எடுத்ததைத் திருப்பி ஒட்டுவதற்கு
எந்த ராடும் என்னிடம் இல்லை.

கரண்ட் எப்போது வந்தது தெரியாது.
சுவரோடு சாய்ந்து தூங்கியிருக்கிறேன்.
கூட்ஸ் வண்டி ஊதிய ஊதலில் விழித்தபோது
மடியில் ஓடு இரண்டாய்க் கிடந்தது,
தொப்பலாக நனைந்த ஒன்று
என் சட்டைப் பித்தானைக் கொத்திக்கொண்டிருந்தது.
வலதுகால் விரல் மட்டும் மடங்கியிருந்தது.
கூர்முனையில் திரும்பியதாலா, என் நகத்தாலா?
பிளாஸ்டர் வெட்டி விரல்களை விரித்து ஒட்டினேன்.

"தானா வந்துச்சா?" ஜைனுலாப்தீன் கேட்டார்.
ஆமாம் என்றேன்.
"எடுத்துட்டியா?" நாகஜோதி கேட்டாள்.
ஆமாம் என்றேன்.

வேலைக்குக் கிளம்புமுன்
குப்பையில் போட ஆறாவதை எடுத்தவன்
வாசலில் நின்று
இன்னொருமுறை காதில் வைத்தேன்.